ஆறு பாவுக்கு ஒரு தரம்

மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"மாங்கா பார்டரு, எத்தினி பாவு ஆச்சு?"

திரும்பாமலே "மூணுக்கா" என்பேன்.

"செரி, பொறுக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா போய்விடுவார். அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மா எந்தப் பட்டு முதலாளி வீட்டு ஆள் என்று காய்க்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார். நான் சும்மா தலையை ஆட்டிவைத்தேன். அவர் எந்த முதலாளி வீட்டு ஆளும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலைக் கூட்டித் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளி. அவர் விசாரித்தது என் தறியைப் பற்றியும் இல்லை. என் கல்லீரலைப் பற்றி.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. நீல நிறச் சேலை, அதன் மேல் கம்பெனி கொடுத்த கோட்டு. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பூனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுக்கப் போனேன். உன் ரத்தம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளே பல வருஷமாகக் குடியிருக்கிறதாம். கண் மஞ்சளாகவில்லை, காய்ச்சல் வரவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் பார்த்துவிட்டு, கல்லீரல் சுருங்கி இறுக ஆரம்பித்திருக்கிறது என்றார். தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன். படித்தவர்கள் எதிரில் எனக்கு நாக்கு எழாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சீட்டை நீட்டினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நர்சம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத பாருப்பா. உன்னாட்டமே ஒண்ணு உள்ள குந்திகினு கீது. இன்னா பண்ணாலும் வாயத் தொறக்காது. வலிக்காது, கத்தாது. அதுல கட்டி வந்தாக்கூட சொல்லாது. அது சொல்ற வரைக்கும் நாம காத்துகினு இருந்தா அவ்ளோதான். அதனால நாமளே ஆறு மாசத்துக்கு ஒரு தரம் போய் எட்டிப் பாக்கணும். சின்னதா இருக்கறப்பவே பாத்துட்டா எடுத்துடலாம். புரிஞ்சுதா?"

டாக்டர் சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் போலவே ஒன்று உள்ளே இருக்கிறது என்பது நன்றாகவே புரிந்தது.

அடுத்து அவர் கேட்டது நோயைப் பற்றி இல்லை. தறியில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். மாங்காய் பார்டர் என்றேன். ஒரு பாவு எத்தனை நாள் வரும் என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு இழை. எங்கள் வீட்டில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. நானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்படியானால் உனக்கு ஆறு பாவுக்கு ஒரு தரம் என்றார். புதுப் பாவைப் பழைய இழையோடு முடிந்து புணைக்கிற அன்றைக்குத் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைப்போம் அல்லவா, அப்போது அதே விரலால் பக்கத்துச் சுவரில் ஒரு மஞ்சள் பொட்டு வைக்கச் சொன்னார். ஆறு பொட்டு ஆனதும் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட வேண்டும்.

"தேதி எழுதிக் குடுத்தா சீட்டத் தொலைச்சிடுவீங்க. பாவ மறக்க மாட்டீங்க" என்றார்.

அது உண்மைதான். எங்கள் தெருவில் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு. எத்தனையாவது பாவு ஓடுகிறது என்பதை மறந்தவர்கள் இல்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அதை வெகுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன். கல்லீரல் கெட்டவன் என்றால் ஊர் குடிகாரன் என்றுதான் நினைக்கும். நான் கள்ளும் தொட்டதில்லை. ஆனால் அதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல என்னால் முடியுமா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு. அக்கா நடுத்தெருவில் நின்று "எத்தினி பாவு?" என்று கேட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஆரணியில் அதைவிடச் சாதாரணமான கேள்வி எது? அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் மாங்காய் பார்டர். ஒருவர் மயில் பார்டர். பெரணமல்லூர் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் கோபுர பார்டர். நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களை "மல்லாட்டை" என்பார். ஒரு வேர்க்கடலை அறுவடைக்கு ஒரு ஸ்கேன். தெள்ளாரிலிருந்துகூட மல்லாட்டைகள் வந்தார்கள்.

எல்லாரும் தனியார் ஸ்கேனுக்குப் போக வழியில்லாதவர்கள். நாற்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அதுபோல ஒரு வளைந்த கம்பியில் குத்தி, துடைப்பம் வைக்கிற அறையில் ஆணியில் மாட்டியிருப்பார். சீட்டில் தெருவும் பார்டரும் மட்டும் இருக்கும். ஸ்கேன் முடிந்த ஆளின் சீட்டைக் கழற்றி அடியில் குத்துவார். யார் மேலே இருக்கிறாரோ அவர் முறை நெருங்குகிறது என்று அர்த்தம். இந்த வேலையை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. துடைப்பதற்கும் கூட்டுவதற்கும்தான் சம்பளம்.

வரிசையில் ஒருநாள் ஒரு வேட்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், குடிச்சிட்டு வந்து இங்க நம்ம நேரத்தக் கெடுக்கிறானுங்க என்றார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அக்கா துடைத்துக்கொண்டே அவர் காலடிக்கு வந்து, காலைத் தூக்கச் சொன்னார். அவர் தூக்கினார். இன்னும் தூக்கச் சொன்னார். இன்னும் தூக்கினார்.

"அப்டியே வெச்சிக்கங்க. எறக்கிடாதீங்க. அவரு டீ குடிச்சுகூட நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. வேட்டிக்காரர் காலை எப்போது இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

இனி அந்த ஸ்பூன். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். கர்ப்பிணிகள் முடிந்து எங்கள் முறை வர மத்தியானம் ஒன்று, இரண்டு ஆகிவிடும். தறிக்காரன் காலையில் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் பழகியவன். தலை சுற்றும். எனக்கு மூன்றாவது ஸ்கேன் அன்று முடித்துவிட்டு வெளியே வந்து, சுத்தமாக இருக்கிறதாம் என்று அக்காவிடம் சொன்னேன். சரி, போய்ச் சாப்பிடு என்றார். நாலடி நடந்திருப்பேன். பின்னால் டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். துடைப்ப அறை வாசலில் உட்கார்ந்து, இறுகிப்போன டிபன் டப்பா மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்திருந்தார். புளிச்சோறு. ஓரம் காய்ந்துபோயிருந்தது.

டப்பாவை ஏன் இவ்வளவு நேரம் திறக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அடுத்த ஸ்கேனில் கவனித்தேன். அன்று நாங்கள் மூன்று பேர். முதல் ஆள் முடித்தபோது டப்பா திறக்கவில்லை. இரண்டாவது ஆளுக்கும் இல்லை. கடைசி ஆளான மயில் பார்டர் வெளியே வந்து தலையாட்டிய பிறகுதான் டக்கென்ற சத்தம் வந்தது. நர்சம்மாவிடம் விசாரித்தேன். நானாக ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. தன் சீட்டு ஆட்கள் பட்டினியாக உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்த அம்மா காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடிக்கும் என்றார். அதைப் பற்றி அக்கா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் எதிரில் நிற்கும்போது எனக்குக் கோயிலில் நிற்பதுபோல இருக்கும்.

பிறகு கொரோனா வந்தது.

பஸ் நின்றது. கடைகள் மூடின. கல்யாணங்கள் நின்றதால் சேலை போகவில்லை. சேலை போகாததால் முதலாளியிடமிருந்து பட்டும் சரிகையும் வரவில்லை. என் தறியில் நான்காவது பாவு ஏறியிருந்தது. ஒன்றேகால் சேலை நெய்திருந்தேன். அப்படியே நின்றது. எலி கடித்துவிடாமல் துணி போட்டு மூடிவைத்தேன். சுவரில் நான்கு மஞ்சள் பொட்டு.

ரேஷன் அரிசி வாங்கி வந்து சாப்பிட்டோம். நாட்கள் போனது தெரியும். மாதங்கள் போனதும் தெரியும். ஆனால் ஸ்கேன் என்று நினைத்தால் கண் தானாகச் சுவருக்குப் போகும். நான்குதானே ஆகிறது, இன்னும் இரண்டு பாவு இருக்கிறதே என்று மனது சொல்லும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரி பக்கம் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. ஸ்கேன் அறைப் பக்கத்தைக் கொரோனா வார்டாக்கிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போகாமல் இருக்க எனக்கு ஒரு நியாயம் வேண்டும். அதைச் சுவர் கொடுத்தது.

ஆடி மாதம் மாத்திரை வாங்கப் போனேன். கேட்டிலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே தூரத்தில் தலை முதல் கால் வரை உறை போட்டுக்கொண்டு ஒருவர் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு போனார். நடையை வைத்து அக்கா என்று தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கத்தினால் கேட்காத தூரம். கையைத் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினார். எத்தனை என்று கேட்கிறார். நான் நான்கு விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தலையாட்டலை நானும் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்து, தறிகள் ஒன்றிரண்டு தட்ட ஆரம்பித்தபோது ஐப்பசி ஆகிவிட்டது. அக்காவுக்கு விஷயம் எப்படி உறைத்தது என்பதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மல்லாட்டைக்காரர்கள் முறை தவறாமல் கேட்டுக்கு வந்து நின்றார்களாம். ஸ்கேன் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் வந்தார்களாம். கொரோனா வந்தாலும் நிலத்தில் வேலை நிற்கவில்லை. தறிக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை. பயந்துகொண்டு வீட்டில் இருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அப்படியிருக்க ஒருநாள் கோபுர பார்டர் வந்தார். வயிறு வீங்கி, கன்னம் ஒட்டி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாராம்.

"ஆறு பாவு இன்னும் ஆவலக்கா. அஞ்சுதான். ஒடம்பு ஒரு மாதிரி கீதேன்னு ஒரு பாவு முந்தியே வந்துட்டேன்" என்றாராம்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றியதோடு, ஒரு படி மேலேயும் போய்விட்ட பெருமை அவர் முகத்தில் இருந்ததாம். அவர் கடைசியாக ஸ்கேன் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்கா கம்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அல்லது டாக்டர்தான் சொன்னார், நான் யார் என்று விலகியிருப்பார்கள். அழுதாரா இல்லையா எனக்குத் தெரியாது. என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, செருப்பில் செம்மண் இருந்தது. எனக்கு முன்னால் ஏழு வீடு முடித்துவிட்டு வந்திருந்தார்.

கொரோனா வார்டில் வேலை செய்கிறவர் என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டில் கதவைச் சாத்தினார்கள். என் மனைவியும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வாசலிலேயே நின்றார்.

"மாங்கா பார்டரு, எத்தினி?"

"நாலுக்கா."

"நாலா? ஆடியிலயும் நாலுன்னியே."

"தறி ஓடலியேக்கா."

"தறி நின்னுச்சு. உள்ள இருக்கறது நின்னுச்சா?"

என் கண் உள்ளே சுவருக்குப் போனது. தறியைப் பார்க்கலாமா என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் விலகி வழிவிட்டாள். உள்ளே வந்து தறிக்குழியின் ஓரமாகக் குனிந்து அந்தச் சுவரைப் பார்த்தார்.  பிறகு அங்கிருந்த சொம்புத் தண்ணீரில் சேலைத் தலைப்பை நனைத்து நான்கு பொட்டையும் அழுத்தித் துடைத்தார். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. நான்கும் ஒன்றாகக் கலந்து உள்ளங்கை அளவுக் கறையாக நின்றது.

"நாந்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். என் மேலதான் தப்பு" என்றார்.

வயதில் மூத்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வீடு தேடி வந்து சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதுவும் ஒரு வீட்டில் இல்லை. அன்று எட்டாவது முறையாக என் வீட்டில் சொன்னார். இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்தது.

இனி எதை வைத்து எண்ணுவது என்று என் மனைவி கேட்டாள். அக்கா அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஆறு பௌர்ணமி. கிரிவலத்த நிறுத்தினாங்க. நெலாவ நிறுத்த முடிஞ்சுதா?"

வாசலில் நின்று என் போன் நம்பரை வாங்கிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை சாப்பிடாமல் வரச் சொன்னார். எதிர்வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்து, "நான் போறேன், தொறந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்கேன் டாக்டர் அப்போது வாரத்தில் ஒருநாள்தான் வந்தார். கர்ப்பிணிகளுக்கே நேரம் போதவில்லை. எங்களைப் போன்றவர்கள் காத்திருக்கலாம் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். அதில் தப்புச் சொல்ல முடியாது. வலிக்கிறது என்று கத்துகிற நோய்க்குத்தானே முதலில் கதவு திறக்கும்? அக்கா டாக்டரிடம் போய், தினம் கடைசியில் எனக்காக மூன்று பேர் பாருங்கள், அறையை நான் இரண்டு தடவை மருந்து போட்டுத் துடைத்துக் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். டாக்டர், நான் வருவதே வாரத்துக்கு ஒருநாள்தானே என்றாராம். அப்படியானால் அன்றைக்கு ஆறு பேர் என்றாராம் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார். வேலை ஆகிவிட்டது.

புதன்கிழமை எனக்கு முன்னால் ஐந்து பேர். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வயிற்றில் களிம்பு தடவி அந்தக் கருவியை வைத்துத் தேய்த்தார் டாக்டர். வழக்கமாக அது வழுக்கிக்கொண்டே போகும். அன்று விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. விலகியது. மறுபடி அங்கேயே வந்து நின்றது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். தறியில் ஒரு இழை அறுந்தால் கை தானாக நின்று அந்த இடத்துக்குப் போகும். அதே மாதிரி நின்ற கை அது. எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தேன். அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன என்று கண்ணால் கேட்டார்.  கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, டாக்டர் சொன்ன அளவைக் காட்டினேன்.

"பாக்கு அளவா?"

தலையாட்டினேன்.

"பாக்குதான? தேங்கா இல்லியே. குந்து" என்றார்.

அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கை மட்டும் துடைப்பக் கட்டையை விடவில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, கூட வர ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சென்னையில் எந்தக் கட்டிடத்தில் எந்த மாடிக்குப் போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று நர்சம்மாவிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார். அன்று டப்பா மூடி திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று பிறகு நர்சம்மா சொன்னார்.

சென்னையில் நீளமான ஊசி போல ஒன்றை உள்ளே விட்டு அந்தக் கட்டியைச் சுட்டுவிட்டார்கள். இன்னும் நான்கு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த சின்ன டாக்டர் சொன்னார். நான்கு மாதம். என் சுவர்க் கணக்குப்படியே நான் காத்திருந்தால், அப்போது பட்டு வந்த வேகத்துக்கு அந்த இரண்டு பாவும் தீர நான்கு மாதத்துக்கு மேல்தான் ஆகியிருக்கும்.

கோபுர பார்டர் தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

திரும்பி வந்து அக்காவைப் பார்க்கப் போனபோது கம்பியில் கோபுர பார்டரின் சீட்டு இன்னும் மேலேயே இருந்தது. என் சீட்டு அடியில் போயிருந்தது. இதைக் கழற்றவில்லையா என்று கேட்டேன். அவருடைய வீட்டுக்குப் போயிருந்ததைச் சொன்னார். சுவரில் ஐந்து பொட்டும் அப்படியே இருந்ததாம். அவர் மனைவி அக்காவுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "அவரு உங்க பேச்ச மீறவே இல்லீங்க" என்றாராம்.

"எல்லா வூட்லயும் அழிச்சேன். அந்தச் செவுத்துல மட்டும் கை வெக்கல" என்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு மூன்று பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவருஷம் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு மாறியது. பழைய ஆட்களில் பாதிப் பேரை எடுக்கவில்லை. அக்காவையும் எடுக்கவில்லை. செய்யாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே ஏதோ கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார் என்று கேள்விப்பட்டேன். துடைப்ப அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. கம்பி இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்கு ஆறாவது பௌர்ணமி முடிந்த மறுநாள். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் கல்யாணம் முடிந்திருந்தது. தறியில் புதுப் பாவு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அன்று கால் எழவில்லை. வாசலில் அக்கா இல்லாத அந்த அறைக்குள் தனியாகப் போக வேண்டும். இந்த ஒருமுறை விட்டுவிட்டால் என்ன, சென்னையில்தான் சுட்டுவிட்டார்களே என்று மனது பழையபடி ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மாங்கா பார்டரு, சாப்டியா?"

"இல்லக்கா."

"நானும் இன்னும் இல்ல. ஜல்தியா போய்க் குந்து. முடிச்சிட்டுப் பேசு."

வைத்துவிட்டார். பின்னணியில் பெரிய பெரிய பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டிருந்தது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு வேகிற இடம். அங்கே நின்றுகொண்டு ஒருவர் எனக்காகப் பட்டினி இருக்கிறார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரின் கை விலாவுக்குக் கீழே வந்தது. சுட்ட தழும்பு இருக்கிற இடத்தில் கொஞ்சம் மெதுவானது. நிற்காமல் கடந்து போனது.

வெளியே வந்து, வேறொரு அம்மா துடைத்துக்கொண்டிருந்த தரையில் ஓரமாக நின்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா கீதாம்."

"செரி. போய்ச் சாப்புடு" என்றார்.

போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் வைக்கவில்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, டக்கென்று மூடி திறப்பது கேட்டது.